கம்பில் கட்டிய பேணி

மட்டக்களப்பு,
பங்குனி, ஞாயிறு காலை.

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய கானாங்கோழிப் படம் கிடைத்தது. போனில் பார்த்து மனம் ஆறவில்லை. ரவுணுக்குப் போன நேரம் அச்செடுத்து வந்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். "நெஞ்சு சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கு மாமா, கண்ணையும் காணல்ல, பின்னால ஒரே இருட்டு, பிளாஷ் பழுதா?" என்று கேட்டிருந்தாய். பிளாஷில் ஒரு பழுதும் இல்லை. முதல் சம்பளத்தில் வாங்கினது என்று அக்கா சொன்னா. அந்தச் சந்தோசம் குறையாமல் இரு. அதைப் பிடிக்கிற விதத்தைத்தான் மாற்றவேண்டும். ஸ்ரூடியோவில் நாற்பது வருசம் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டினவன் நான். போனில் சொன்னால் பாதிதான் வாயில் வரும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த நெஞ்சு. கானாங்கோழிக்கு முதுகு கருஞ்சாம்பல், முகமும் நெஞ்சும் தூய வெள்ளை. அது நின்றதோ இருண்ட பற்றை ஓரம். உன் கமரா அந்த இருட்டையெல்லாம் கூட்டிக் கணக்குப் பார்த்து, "இன்னும் வெளிச்சம் வேண்டும்" என்று பிளாஷுக்குச் சொல்லியிருக்கிறது. பிளாஷ் கொட்டியிருக்கிறது. கறுப்புத் தாங்கும், வெள்ளை தாங்குமா? வெள்ளை இறகில் இருந்த வரி, மடிப்பு, ஈரம் எல்லாம் எரிந்துபோயிற்று. இனி வெள்ளையுள்ள பறவையைத் தானாக அளவு பார்க்கிற முறையில் எடுத்தால், பிளாஷின் அளவை மைனஸ் இரண்டில் வைத்துத் தொடங்கு. குறைந்தால் பிறகு ஏற்றலாம். எரிந்த வெள்ளையை ஒருவராலும் மீட்க முடியாது.

பின்னால் இருட்டு வந்ததற்குக் காரணம் தூரம். பத்தடியில் நிற்கிற பறவைக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில், இருபதடியில் நிற்கிற பற்றைக்குக் காற்பங்குதான் கிடைக்கும். முப்பதடிக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. நீ பிளாஷை மட்டுமே நம்பி எடுத்தாய். அதனால் பின்நேரம் எடுத்த படம் நடுச்சாமத்தில் எடுத்தது போல வந்துவிட்டது. ஆகாய வெளிச்சத்தை முதலில் வாங்கிக்கொள். காட்டின் நிழல் எப்படி இருக்கிறதோ அதைவிட ஒரு படி மங்கலாகக் கமராவை வை. பிறகு பிளாஷ் அந்தப் பறவையின் முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கட்டும். படத்தைப் பார்க்கிறவருக்குப் பிளாஷ் அடித்ததே தெரியக்கூடாது.

கண் காணாமல் போனதுதான் எனக்குப் பெரிய விசயமாகப் பட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் இருக்கிறது, அதன் மேல் பால் போல ஒரு படலம் மூடியிருக்கிறது. பறவைக்கு நம்மைப் போல மேலிமை, கீழிமை இருப்பதோடு, உள்ளே பக்கவாட்டில் ஓடி மூடுகிற இன்னொரு இமையும் உண்டு. தானாக அளவு பார்க்கிற முறையில் வைத்தால் உன் பிளாஷ் இரண்டு தரம் வெடிக்கிறது, மகள். முதலில் அளந்து பார்க்க ஒரு சின்ன வெளிச்சம், அடுத்து உண்மையான வெளிச்சம். நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பறவைகள் பலவற்றின் கண் வேகமான துடிப்பை நம்மைவிட நன்றாகப் பிரித்தறியும். முதல் வெளிச்சத்திலேயே அது இமையை இழுத்துவிட்டது. இரண்டாவதில்தான் உன் படம் விழுந்திருக்கிறது. பிளாஷைக் கையால் அளவு வைக்கிற முறைக்கு மாற்றிவிடு. முன்வெளிச்சம் போய்விடும். நான் பழகிய யஷிகாக் காலத்தில் எல்லாம் கையளவுதான். தூரத்தைக் கண்ணால் அளந்து, பிளாஷின் எண்ணைத் தூரத்தால் பிரித்து, துவாரம் எவ்வளவு என்று மனத்தில் போடுவோம். அந்தக் கணக்கு உனக்கும் பழகட்டும்.

இவ்வளவும் கை வேலை. சொல்ல நினைத்தது வேறொன்று.

எனக்கு வெளிச்சத்தைத் திருப்பிப் போடக் கற்றுத் தந்தது பயம். ஆற்றுக்கு மேற்கே ஓர் ஆட்சி, கிழக்கே இன்னோர் ஆட்சி என்று இருந்த யுத்த காலம் உனக்குக் கதையாகத்தான் தெரியும். அப்போது மேற்கே படுவான்கரையில் ஆற்றோரத்து வீடொன்றில் ஒரு சாமத்தியச் சடங்கு. கரண்ட் இல்லை, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம். நான் பிள்ளையைப் பந்தலடியில் நிற்பாட்டி ஒரு பிளாஷ் அடித்தேன். அடித்த கையோடு அந்த வீட்டு மூதாட்டி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தா. "மனே, ஆத்துப் பக்கம் அடிக்காத. அங்கால நிண்டு பாக்கிறவனுக்கு இது என்னெண்டு தெரியுமா? மறுகா என்ன நடக்கும்?" விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் உள்ளே போய்க் குந்திக்கொண்டோம். சடங்குப் பிள்ளை முழுப் பட்டோடும் நகையோடும் இருட்டில் என் பக்கத்தில் இருந்து நடுங்கினது எனக்கு இன்றைக்கும் தெரியும். ஒரு மணித்தியாலம் போனபிறகு, கதவைச் சாத்திவிட்டு, பிளாஷின் தலையை வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்து மிச்சப் படங்களை எடுத்தேன். வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்பதுதான் என் எண்ணம். படத்தைக் கழுவிப் பார்த்தபோது அந்த முகம் அவ்வளவு மென்மையாக வந்திருந்தது. சுவரில் பட்டுத் திரும்பின வெளிச்சம் பிள்ளையின் கன்னத்தைத் தடவினது போல இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரின் முகத்துக்கு நேரே நான் பிளாஷைப் பிடித்ததில்லை.

காட்டில் சுவர் ஏது என்று கேட்பாய். உரப்பை இருக்கிறது. உட்பக்கம் வெள்ளையான உரப்பையைக் கழுவிக் காயவைத்து, இரண்டு கம்பில் கட்டிப் பக்கத்தில் நிற்பாட்டினால் அதுதான் சுவர்.

நம் ஊரில் வெளிச்சம் எப்போதும் எதையாவது பிடிக்கத்தான் போயிருக்கிறது. உன் அம்மப்பா தென்னோலைச் சூள் கொளுத்திக்கொண்டு ஆற்றோரம் நண்டுக்கும் மீனுக்கும் போவார். அவர் பின்னால் சின்னப் பொடியனாக நான் கூடை தூக்கிப் போயிருக்கிறேன். வெளிச்சத்தில் மீன் அப்படியே நிற்கும். காட்டுப் பக்கம் போகிறவர்கள் நெற்றியில் ரோச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். கண் மின்னுகிற இடம் பார்த்து வெடி. மானும் முயலும் வெளிச்சத்துக்குள் உறைந்து நிற்பதுதான் அந்த வேட்டையின் சூட்சுமம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிச் சட்டம் வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தப் பழக்கம் முற்றாக விடவில்லை.

அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்று ஒருவர் இருந்தார். வழக்கறிஞர், பிறகு அந்த நாட்டுக் காங்கிரஸிலும் இருந்தவர். அவர் மிச்சிகன் பக்கத்து ஏரியொன்றில், ஓஜிப்வா பழங்குடி மக்களிடம் பழகின முறைப்படி, தோணியின் முன்னால் தீ வைத்து இரவில் மான் சுட்டுத் திரிந்தவர். ஒரு கட்டத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு, அதே தோணியில், அதே இருட்டில், மக்னீசியத் தூளை வெடிக்க வைத்து மான்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். 1906 ஜூலையில் நஷனல் ஜியோகிரபிக் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் போட்டது. உலகத்தில் இரவு விலங்குகளைப் பிளாஷில் பிடித்த முதல் ஆள்களில் அவர் ஒருவர். அம்மப்பாவின் சூளும் அந்தத் தோணித் தீயும் ஒரே குடும்பம்தான், மகள். நீ வாங்கியிருக்கிற பிளாஷும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். அதனால்தான் அதை எங்கே நீட்டுகிறோம் என்பதில் நான் இவ்வளவு கவனமாக இருக்கிறேன்.

இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். 2009 இல் யுத்தம் முடிந்தபிறகு காட்டுப் பாதைகள் திறந்த புதிதில், எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஒரு நாள் பொழுதுபட்டபிறகு உன்னிச்சைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வரும்போது, மண்பாதை ஓரம் இரண்டு நெருப்புத் தணல் போலக் கண் மின்னியது. பக்கி. சருகின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. வெறுந்தரையில் முட்டையின் மேல் குந்தியிருந்தது. அந்த இனம் கூடு கட்டாது, தரையில்தான் முட்டை வைக்கும். அது எழும்பாமல் இருந்ததை நான் என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். ஏழு தரம் பிளாஷ் அடித்தேன், நேருக்கு நேர், எட்டடியில். ஏழாவதில் எழும்பியது. எழும்பின பறவை திசை தெரியாமல் ஈச்சம்பற்றைக்குள் மோதி விழுந்து, மறுபடி எழும்பி இருட்டுக்குள் போய்விட்டது. இருட்டில் விரிந்து பழகின கண்ணுக்கு ஏழு மின்னல். காலையில் மனம் கேட்காமல் திரும்பப் போய்ப் பார்த்தேன். முட்டை இரண்டும் குளிர்ந்து கிடந்தன, ஒன்றில் எறும்பு ஏறியிருந்தது. என் வெளிச்சத்தால்தானா, பாம்போ கீரியோ வந்து அது பயந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். அந்த ஏழு படமும் அவ்வளவு துலக்கமாக வந்திருந்தன. ஒருவருக்கும் காட்டவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு கட்டுப்பாடு. பொழுதுபட்டபிறகு பறவைக்குப் பிளாஷ் இல்லை. முட்டையிலோ குஞ்சோடோ இருக்கிற பறவைக்கு, பகலானாலும் பிளாஷ் இல்லை. நீயும் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

இரவுப் பறவைகளைப் பார்க்காமலே விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆந்திராவில் கடப்பைப் பக்கம் முட்புதர்க் காட்டில் கலிவிகோடி என்று ஒரு பறவை. ஜெர்டன் என்கிற வெள்ளைக்கார மருத்துவர் பெயரில் உலகம் அறிந்தது. தரையில் ஓடித் திரியும், இரவில்தான் வெளியே வரும். 1900 க்குப் பிறகு அதை ஒருவரும் காணவில்லை, அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டார்கள். 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்கிற உள்ளூர் மனிதர் ஓர் இரவு ரோச் வெளிச்சத்தில் அதைக் கண்டு உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தார். எண்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு கிடைத்த பறவை, சில நாளில் கூட்டிலேயே செத்தும் போனது. அந்தக் காட்டுக்கு இப்போது ஸ்ரீலங்காமல்லேஸ்வரா சரணாலயம் என்று பெயர். நம் நாட்டுப் பெயர் அங்கே போய் இருப்பதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். பிறகு அங்கே ஆய்வு செய்யப் போனவர் ப. ஜெகநாதன், தமிழில் பறவைகளைப் பற்றி எழுதுகிறாரே, அவர்தான். அவரும் கூட இருந்தவர்களும் செய்த வேலையைக் கேள். புதர்களுக்கிடையில் மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பிவைத்து, காலையில் போய்க் காலடி பார்த்தார்கள். காலடி கண்ட இடத்தில் தானியங்கிக் கமராவை வைத்துவிட்டு ஆள்கள் விலகிப்போனார்கள். பறவை தன் பாட்டில் நடந்து வந்து தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. வெளிச்சம் அங்கேயும் உண்டு. ஆனால் யாரும் துரத்தவில்லை, திரும்பத் திரும்ப அடிக்கவில்லை. முதலில் மண்ணைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு மண்ணைப் பார்க்கவில்லை, கண் மின்னினதைத்தான் பார்த்தேன்.

சரி, சித்திரைக்கு நீ வருகிறாய். காட்டுக்கோழி எடுக்கவேண்டும் என்கிறாய். இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, நம் தேசியப் பறவை. படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு அதன் கூவல் பழக்கம். வீட்டுச் சேவல் போல இழுக்காது, வெட்டி வெட்டிக் கூவும். ஆனால் வெளியில் நிற்கிற சேவலை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? காலடிச் சருகு நொறுங்கினால் போதும், பற்றைக்குள் ஓடிவிடும்.

வட்டையில் வேளாண்மை வெட்டி முடிந்துவிட்டது. சூடடித்த களத்தில் நெல் சிந்திக் கிடக்கிறது. காட்டோரத்துக் களம் என்பதால் காலையிலும் பின்நேரத்திலும் ஒரு சேவலும் மூன்று பேடும் வருகின்றன. நீ வருகிற நேரம் ஒரு பிடி நெல்லைக்கூட அவற்றுக்காகப் போடாதே. தீனி போட்டால் கோழி மட்டும் வராது, ஊர் நாயும் கீரியும் சேர்ந்து வரும். போனில் சேவல் கூவலைப் போட்டு இழுக்கிற வேலையும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது தீனியை விட்டுவிட்டு அலையும்.

அந்தக் களம் கிழக்கைப் பார்த்தது, காடு மேற்கே. கிழக்கே எழுவான்கரைப் பக்கத்தில் சூரியன் கடலில் எழும்பி ஆற்றைத் தாண்டி வந்து காலையில் காட்டின் முகத்தில் நேராக விழும். ஏழரை மணிவரை உனக்குப் பிளாஷே தேவைப்படாது. பின்நேரம் வேறு கதை. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கும்போது நாலரைக்கே களத்தோரம் நிழல் விழுந்துவிடும். வானம் வெளிச்சமாக இருக்கும், கோழியின் முகம் கறுத்துக் கிடக்கும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் உன் பிளாஷ்.

சேவலின் இறக்கையிலும் வாலிலும் இருக்கிற ஊதா நீலம் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறபோது பிறக்கிற நிறம். கமராவுக்கு மேலேயே பிளாஷை வைத்து அடித்தால் தகரத்தில் வெயில் பட்டது போல வெள்ளைப் பொட்டாகக் கிடக்கும். பிளாஷைக் கழற்றி நாலைந்து அடி பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில் வைத்தால் அந்த ஊதா எழும்பிவரும். கொண்டை சிவப்பு, நடுவில் மஞ்சள். அந்த மஞ்சள் படத்தில் மஞ்சளாகவே வந்தால் உன் அளவு சரி என்று தெரிந்துகொள். சேவலையே பார்த்துக்கொண்டு பேட்டை விட்டுவிடாதே. வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும். மங்கல் வெளிச்சத்தில் அதைப் போல ஓர் அழகு எனக்குத் தெரியாது. ஜீ. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் புத்தகத்தின் பழைய பிரதி என்னிடம் இருக்கிறது, படங்கள் எல்லாம் அவர் கையால் வரைந்தவை. வந்தவுடன் முதலில் அதைப் பார்.

அளவு சொல்கிறேன், எழுதி வை. ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 800, பிளாஷ் பதினாறில் ஒரு பங்கில். அந்த அளவில் பிளாஷின் வெளிச்சம் நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் நிற்கும், கிளறுகிற கால் நகம்கூட அசையாமல் விழும். ஒரு வருகைக்கு மூன்று தரம், அதற்கு மேல் அடிக்காதே. முதல் வெளிச்சத்துக்குத் தலையைத் தூக்கும். திரும்பக் குனிந்து கிளறத் தொடங்கினால் இரண்டாவது. கழுத்தை நீட்டினபடியே நின்றால் கமராவைக் கீழே வைத்துவிடு. பகலில் அவை வெளிச்சத்தைவிடக் கமராவின் "டக்" சத்தத்துக்குத்தான் கூடுதலாக வெருளுகின்றன என்பது நான் பார்த்த அளவில் உண்மை. சத்தம் குறைக்கிற முறை உன் கமராவில் இருந்தால் போட்டு வை. தூரத்துக்கு வெளிச்சம் அனுப்ப பிளாஷின் முன்னால் பூட்டுகிற வில்லைத் தகடு ஒன்றைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். வாங்காதே. பகல் வெயிலில் மறந்து வைத்தால் சூரியனைக் குவித்துப் பிளாஷின் முகத்தையே உருக்கிவிடும். நமக்குத் தூரம் தேவையில்லை, கோழி வரும்வரை இருக்கிற பொறுமை போதும்.

களவெட்டியின் தெற்கு மூலையில், வாடியை ஒட்டினாற்போல, கிடுகால் ஒரு மறைப்புக் கட்டியிருக்கிறேன். இரண்டு பேர் குந்தலாம். வாசல் பின்பக்கம். மூன்று மணிக்கே உள்ளே போய்விட வேண்டும், சென்ற் பூசக்கூடாது, பளபளக்கிற வளையல் வேண்டாம். ஆட்காட்டி ஒரு சோடி பக்கத்து வயலில் இருக்கிறது. அது நம்மைக் கண்டு கத்தினால் அன்றைக்குக் கோழி வராது, பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வரவேண்டியதுதான்.

பின்நேரம் ஐந்தரைக்கு மறைப்பை விட்டு எழும்பிவிடுவோம். அக்காவிடம் இதைச் சொல்லிவை, அவ பயப்படுவா. யானை இந்த வருசமும் வட்டைக்குள் இறங்கியிருக்கிறது, போன கிழமை இரண்டு வாடிக்கு அப்பால் நெல் மூட்டையை இழுத்துப் போட்டிருந்தது. மின்வேலி இருக்கிறது என்று நம்பி இருட்டும்வரை நிற்க முடியாது. யானையைக் கண்டால் பிளாஷின் பற்றரியைக் கழற்றிப் பையில் போடு, கைதவறிக்கூட அது வெடிக்கக்கூடாது.

வரும்போது நல்ல பற்றரி எட்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது சீக்கிரம் இறங்கிவிடுகிறது. அக்காவின் பழைய பச்சைச் சேலை ஒன்றும் வேண்டும், மறைப்புக்கு முன்னால் தொங்கவிட.

இன்னொன்று. பிளாஷ் நிற்கப்போகிற இடத்தில் இன்று விடியவே ஒரு கம்பு நட்டு, வெறும் பால் பேணி ஒன்றைக் கறுப்புத் துணி சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். உன் பிளாஷ் அளவுதான் இருக்கும். நீ வருகிற அன்று பேணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளாஷைக் கட்டலாம். இன்றைக்கு மறைப்புக்குள் இருந்து பார்த்தேன். மூத்த பேடு காட்டைவிட்டு வெளியே வந்து, பேணியைக் கண்டு, ஒரு காலைத் தூக்கினபடி கனநேரம் நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது. சேவல் வெளியே வரவேயில்லை. இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நாளைக்கும் போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா